ஆஸ்கருக்கு முன் வீட்டு ஓட்டெடுப்பு: மார்க்கா, வரிசையா, கான்கிளேவ் பாணியா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் ஏழு பேர் கூடி, ஆஸ்கர் விழாவுக்கு முன்பே சிறந்த படப் பட்டியலைத் தரம் பிரிப்போம். 2025 பட்டியலில் பத்துப் படங்கள். பார்ப்பது சுலபம், எப்படித் தரம் பிரிப்பது என்பதில்தான் சண்டை. மூன்று முறைகளையும் ஓட்டிப் பார்த்தோம்.

முதலில் மார்க். பத்துக்கு இத்தனை என்று போட யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ஒவ்வொருவர் கையும் ஒரு ரகம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற பெரியம்மாவுக்கு மிகவும் பிடித்தது 'டூன்: பார்ட் டூ'. அதற்கு அவர் போட்டது 6. மைத்துனன் எந்தப் படத்துக்கும் 8-க்குக் கீழே இறங்கமாட்டான். கூட்டிப் பார்த்தால் அவன் வெறுத்த படம் பெரியம்மா ரசித்த படத்தை முந்திவிடுகிறது. இன்னொரு ஓட்டையும் உண்டு. பிரேசிலின் 'ஐ'ம் ஸ்டில் ஹியர்' படத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர், இருவரும் 9 போட்டார்கள், சராசரியில் அது முதலிடம். நல்ல படம்தான், அந்த வருடம் சிறந்த சர்வதேசப் பட விருதும் அதற்குத்தான். இருந்தாலும் ஐந்து பேர் பார்க்காத படத்தை வீட்டின் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது வரிசை. 2010 விழாவிலிருந்து சிறந்த படத்துக்கு ஆஸ்கர் வழங்கும் அகாடமி பயன்படுத்துவது இதைத்தான். எல்லாரும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல் முதல் ஓட்டு இல்லையென்றால், கடைசியில் இருப்பது வெளியேறும். அந்தச் சீட்டுகள் அடுத்த எண்ணுள்ள படத்துக்குப் போகும். எங்களுக்கு இதை விளக்கியது பெரியம்மாதான். கர்நாடக மேலவையின் ஆசிரியர் தொகுதித் தேர்தலில் முன்னுரிமை ஓட்டுப் போட்ட அனுபவம் அவருக்கு உண்டு.

சீட்டைப் பிரித்தால் 'தி ப்ரூட்டலிஸ்ட்' 3, 'அனோரா' 2, 'கான்கிளேவ்' 1, 'டூன்' 1. ஆளுக்கு ஒரே ஓட்டு என்றிருந்தால் 'ப்ரூட்டலிஸ்ட்' அங்கேயே ஜெயித்திருக்கும். இடைவேளை 15 நிமிடத்தையும் சேர்த்து 215 நிமிடம் ஓடும் படம் அது. பிடித்தவர்களுக்கு உயிர், மற்ற நாலு பேர் சீட்டிலும் ஏழாவது, எட்டாவது இடம். கடைசி இரண்டு படங்களும் வெளியேறின. என் சீட்டில் 'கான்கிளேவ்'வுக்கு அடுத்தது 'அனோரா'. பெரியம்மா 'டூன்'னுக்கு அடுத்துப் போட்ட 'கான்கிளேவ்'வும் போய்விட்டதால் அவருடைய மூன்றாம் இடம் செல்லும். அதுவும் 'அனோரா'! (படுக்கையறைக் காட்சிகள் நிறைந்த அந்தப் படத்தைப் பெரியம்மா எப்படிப் பார்த்து முடித்தார் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.) ஆக 4-க்கு 3.

மூன்றாவது முறையை 'கான்கிளேவ்' படத்திலிருந்தே எடுத்தோம். போப் தேர்தல் மாதிரி மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப ஓட்டு, நடுவில் பேச்சு. ஏழு பேரில் ஐந்து ஓட்டு வேண்டும். காபி, வடை, வாக்குவாதம் என்று கலகலப்பில் இதை அடிக்க வேறு முறை இல்லை. ஆனால் 'ப்ரூட்டலிஸ்ட்' கட்சி மூவரும் அசையவில்லை. மூன்று பேர் பிடிவாதமாக உட்கார்ந்தால் ஐந்து எங்கிருந்து வரும்? அப்புறம் யார் குரல் பெரிது என்பதுதான் போட்டி.

ரசனைப் பேச்சுக்கு மூன்றாவது சரி. வருடம் கழித்து எந்தப் படம் எப்படி இருந்தது என்று புரட்டிப் பார்க்க மார்க் நோட்டு உதவும். யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டுவதானால் என் ஓட்டு வரிசைக்கே. பரிந்துரைகளை எண்ணிக் கணிப்பவர்களை நம்பவே வேண்டாம்: 'எமிலியா பெரெஸ்' 13 பரிந்துரையில் வாங்கியது 2 விருது, 'அனோரா' 6-இல் சிறந்த படம் உட்பட 5.

ஒரு பிரிவில் எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அதில் இறுதி ஓட்டுப் போடலாம் என்று 2026 விழாவிலிருந்து அகாடமி விதி கொண்டுவந்தது. இங்கே அதை வைத்தால் ஏழு பேரில் இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். அதனால் பார்த்த படங்களுக்கு மட்டும் எண், மீதி காலி. மூன்றே படம் பார்த்தவரின் சீட்டு, அந்த மூன்றும் வெளியேறியதும் கணக்கிலிருந்து போய்விடும்.