ரிங்கா, ஓ.இ.யா, வோர்டெக்ஸா?

பஞ்சை நூலாக்கும் மெஷின்களில் இங்கே பார்ப்பது மூன்று: பழைய ரிங் ஃப்ரேம், ஓ.இ. எனும் ஓப்பன் எண்ட், காற்றால் நூற்கும் வோர்டெக்ஸ். வாங்கப் போனால் விற்பவர் முதலில் காட்டுவது வேகத்தைத்தான். அதை மட்டும் பார்த்தால் ரிங் ஃப்ரேம் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டும். 30ஆம் கவுண்ட் நூலையே எடுத்துக்கொள்ளுங்கள் (கவுண்ட் எண் கூடக் கூட நூல் மெலியும்). அங்குலத்துக்குச் சுமார் 20 முறுக்கு வேண்டும், ஸ்பிண்டில் என்ற கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றினாலும் ஏறக்குறைய 23 மீட்டர் நூல்தான் வரும். ஓ.இ. மெஷினில் ரோட்டர் என்ற சுழலும் கிண்ணம் 1,00,000 சுற்று ஓடுகிறது, முறுக்கு 25 என்று கூட்டி வைத்தாலும் 100 மீட்டர் தேறும். வோர்டெக்ஸில் 400 மீட்டர் சாதாரணம். ஆனாலும் உலகத்தில் பஞ்சு நூலில் பெரும்பங்கு இன்றும் ரிங்தான், 1828இல் அமெரிக்காவில் ஜான் தோர்ப் கண்டுபிடித்த அதே ரிங்.

ரிங் மெதுவாக ஓடக் காரணம், முறுக்கு ஏற்றுவதையும் நூலைச் சுற்றுவதையும் ஒரே பாபின் செய்வது. ஒரு முறுக்கு ஏற பாபின் முழுசும் ஒரு சுற்று சுற்றியாக வேண்டும். நூல் இழுத்துக்கொண்டு போகும் டிராவலர் விரல் நகத்தைவிடச் சின்னக் கம்பித் துண்டு, பாபினைச் சுற்றி நிற்கும் ரிங் என்ற வளையத்தின் மேல் வினாடிக்கு 40 மீட்டர் வரை ஓடுகிறது, அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர்! அதற்கு மேல் விரட்டினால் சூடேறித் தேய்ந்துபோகும். பாபினைப் பெரிதாக்கலாமே என்றால் ரிங்கும் பெரிதாகும், டிராவலர் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும். அதனால்தான் சில பத்து கிராம் சேர்ந்ததுமே பாபினைக் கழற்றும் டாஃபிங், அப்புறம் ஆட்டோகோனரில் போட்டு மறுபடி கோனாகச் சுற்றும் வேலை. முன்னால் பஞ்சுத் திரியை மெலிதாக்கித் தரும் சிம்ப்ளெக்ஸ் மெஷின் வேறு.

முறுக்குவது, சுற்றுவது என்ற இரண்டு வேலையையும் ஓ.இ. பிரித்துவிட்டது. 1967இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பி.டி. 200 மெஷின்தான் இதைத் தொழிலாக ஓட்டிக் காட்டியது. ஸ்லைவர் என்ற தடித்த பஞ்சுத் திரியை இழை இழையாகப் பிரித்து, காற்றில் ரோட்டரின் பள்ளத்துக்கு அனுப்பி, அங்கேயே நூலின் நுனியில் ஒட்டி முறுக்குகிறது. சிம்ப்ளெக்ஸ் வேண்டாம், ஆட்டோகோனர் வேண்டாம், மெஷினிலிருந்தே கோன் இறங்கும். பஞ்சைச் சீவும் கோம்பர் மெஷின் தள்ளும் வேஸ்ட்டையும், திருப்பூரில் துணி வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்தெடுத்த பஞ்சையும்கூட இது தின்றுவிடும், ரிங்கில் அவ்வளவு குட்டை இழையைப் போட்டால் அறுந்துகொண்டே இருக்கும்.

ஆனால் வேகத்தைக் கொடுத்த அந்தப் பிரிப்புதான் பலத்தையும் வாங்கிக்கொண்டது. ரிங்கில் இழைகள் இழுபட்டு நேராகி, அப்படியே முறுக்குக்குள் போகின்றன. ரோட்டரிலோ சில மடங்கிக் கிடக்கும், சில நூலின் மேல் பெல்ட் மாதிரி சுற்றிக்கொள்ளும். ரிங் நூலைவிட பலம் 20, 25 சதவீதம் குறையும், தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருக்கும். ஜீன்ஸ், டவல், சென்னிமலைப் பெட்ஷீட் இதற்கெல்லாம் தாராளமாகப் போதும், கனம் சீராக வருவது கூடுதல் லாபம். 60ஆம் கவுண்ட் வேட்டிக்கு ஓ.இ. பக்கமே போகாதீர்கள்.

வோர்டெக்ஸ் ஜப்பான் முராட்டாவின் சரக்கு, 1997இல் வந்தது. சுழலும் காற்று வெளி இழைகளைப் பிடித்து நடு இழைகளின் மேல் சுற்றிவிடுகிறது. நூலில் ரோமம் மிகக் குறைவு, துணி துவைக்கத் துவைக்க உருண்டை திரளாது. விஸ்கோஸுக்கு என் ஓட்டு இதற்குத்தான். சுத்தக் காட்டன் என்றால் கோம்பு செய்த நல்ல பஞ்சாகக் கேட்கும், குட்டை இழையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், வேஸ்ட் ஏறும். விலையும் சின்ன மில்லுக்குக் கட்டாது.

சரி, விற்பவர் ரிங் நூல் என்று சொல்லி நீட்டுவது ஓ.இ.யா என்று சந்தேகமா? ஒரு அங்குல நூலை இரண்டு கையிலும் பிடித்து முறுக்குக்கு எதிராகத் திருப்புங்கள். ரிங் நூல் முழுசாகப் பிரிந்து இழைகள் நேராக நிற்கும். ஓ.இ. பிரியாது, மேலே சுற்றிய இழைகள் அங்கங்கே இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும்.