உளுந்துக்கு ரைசோபியம் உயிர் உரம்: ஒரு போகத்தின் அனுபவம்

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்குப் பத்து நாள் முன்பாக, வயலில் ஈரம் இருக்கும்போதே நெற்பயிருக்கு இடையில் உளுந்தைத் தெளித்துவிடுவது வழக்கம். இவ்வாண்டு ஒரு ஏக்கருக்கான 10 கிலோ ஆடுதுறை 3 ரக விதையில் பாதிக்கு மட்டும், ஆறிய வடிகஞ்சியில் ரைசோபியம் என்ற வேர் முடிச்சு நுண்ணுயிர் உரத்தைக் கலந்து பூசி, நிழலில் உலர்த்தித் தெளித்தேன். மறுபாதியை அப்படியே விதைத்தேன்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும், அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகியிருப்பதால், எந்தப் பயிராலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. யூரியாவுக்கான அம்மோனியாவை ஆலைகள் கடும் அழுத்தத்திலும் 400 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும் உருவாக்குகின்றன. அதே வேலையை இந்த நுண்ணுயிர் வேர் முடிச்சுக்குள் சாதாரண மண் வெப்பத்திலேயே செய்கிறது; அதற்கு ஈடாகச் செடி தன் சர்க்கரையைக் கொடுக்கிறது.

முப்பதாம் நாள் இரு பகுதிகளிலும் செடிகளைப் பிடுங்காமல், முடிச்சுகள் அறுந்துவிடாதபடி மண்ணோடு தோண்டி எடுத்து அலசிப் பார்த்தேன். பூசிய பகுதியில் முடிச்சுகள் தாய் வேரை ஒட்டித் திரளாக இருந்தன. நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தால் வருவது. அது இருந்தால்தான் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். பூசாத பகுதியில் முடிச்சுகள் குறைவு, பலவும் உள்ளே வெளுத்திருந்தன. இலைப் பச்சையிலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த உயிர் உரம் பலன் தராமல் போனால், குறை பொட்டலத்தில் இல்லை, அதை வைத்திருக்கும் விதத்தில்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு வேறொரு கடையில் வெயில் படும் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துத் தந்த பொட்டலம் எந்தப் பலனும் தரவில்லை. உள்ளே இருப்பது உயிர் என்பதால், தயாரித்த நாளையும் காலாவதி நாளையும் பார்க்காமல் வாங்கவே கூடாது. பூஞ்சாணக் கொல்லி கலப்பவர்கள் அதை முதலில் முடித்து, ஒரு நாள் கழித்தே இதைப் பூச வேண்டும். அடியுரமாக யூரியாவை அள்ளிப் போட்டாலும் முடிச்சு கட்டுவது குறைந்துவிடும்.

அடுத்த குறுவைக்கு யூரியாவே வேண்டாம் என்று சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உளுந்தின் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பகுதி மணியோடு வயலை விட்டுப் போகிறது. உதிர்ந்த இலையும் வேரும் மக்கிக் கோடை மழையில் நைட்ரேட்டாக மாறினாலும், நடவுக்குத் தண்ணீர் கட்டியதும் காற்றில்லாச் சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை மீண்டும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன. எனவே ரைசோபியத்தை உளுந்துக்கான உரமாகக் கருதியே வாங்கலாம். அந்த அளவில், அதன் சிறிய விலைக்கு, நான் பயன்படுத்திய இடுபொருள்களில் இதற்கே முதலிடம் தருவேன்.