செல்லப் பிராணிகளுக்கு ஒரு தெருச் சீட்டு: நடத்திப் பார்த்த அனுபவம்

புதுச்சேரி லாஸ்பேட்டையில், எங்கள் தெருவில் நாயோ பூனையோ வளர்க்கும் 12 வீட்டார் சேர்ந்து 2021 முதல் ஒரு மருத்துவச் சீட்டு நடத்தி வருகிறோம். பெயர்தான் சீட்டு; ஏலமும், ஏலத்தில் தள்ளிய தொகையைப் பங்கிடும் கசரும் கிடையாது. வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் போடுகிறோம். பிராணிக்கு உடம்பு முடியாமல் போனால், மருத்துவமனை ரசீதைக் காட்டிப் பணம் எடுத்துக்கொண்டு, வட்டியில்லாமல் தவணையாகத் திருப்பிக் கட்டலாம்.

முதல் பெரிய செலவு எதிர்வீட்டுப் பெட்டை நாய்க்கு வந்தது. கருத்தடை செய்யாத பெட்டைகளுக்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டும் பியோமெட்ரா வருவதுண்டு. அந்த நாய் ஓயாமல் தண்ணீர் குடித்ததையும் சோற்றைத் தொடாததையும் வெயிலின் கோளாறு என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு 18,000 ரூபாய் ஆனது; நகையை அடகு வைக்காமல் அன்றிரவே கட்ட முடிந்தது. முன்பே கருத்தடை செய்திருந்தால் இதில் சிறு பகுதியே செலவாகியிருக்கும் என்பதால், அதற்கும் முன்பணம் தரலாம் என்று பிறகு முடிவெடுத்தோம்.

என் கணிப்பில், சீட்டைக் காப்பாற்றியது பணத்தைவிட ஒரு விதிதான்: தடுப்பூசி அட்டை நடப்பில் இல்லாதவருக்குப் பணம் கிடையாது. பார்வோ என்னும் வைரஸ் கழிச்சல் நோய் வந்த நாய்க்குட்டியைப் பல நாள் ட்ரிப்ஸ் ஏற்றிக் காப்பாற்றும் செலவுக்கு முன்னால், குட்டிப் பருவத்தில் தவணை தவறாமல் போடும் ஊசியின் விலை ஒன்றுமேயில்லை. வெறிநோய் ஊசிக்குச் செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளையொட்டிய இலவச முகாம்களைப் பயன்படுத்துகிறோம். அவசரமில்லாத சிகிச்சைக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறோம். மாணவர் விசாரித்து எழுதிக்கொண்ட பிறகு பேராசிரியர் பார்ப்பதால், அரை நாளை ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது.

உண்ணிக் காய்ச்சல் இன்னும் தொல்லைதான். அதற்கு மருத்துவர் எழுதும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை மக்கள் மருந்தகத்தில் மலிவாகவே கிடைக்கிறது. நான்கு வாரம் விடாமல், சோற்றோடு கொடுக்க வேண்டும். ஆனால் உண்ணி சுவர் விரிசலில் முட்டையிடுவதால், நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டைக் கவனிக்காத இடங்களில் அதே செலவு மறு ஆண்டும் திரும்புகிறது.

குறைகளும் உண்டு. ஒரு வீட்டார் பாக்கியோடு குடிமாறிப் போனதிலிருந்து, எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறோம். பூனைக்காரர்கள், நாய்களுக்கே பணம் போகிறது என்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் அது உண்மைதான். சிறுநீரகக் கோளாறு போன்ற நாள்பட்ட நோய்க்கு இந்த ஏற்பாடு பொருந்தாது: மாதாமாதம் ரத்தப் பரிசோதனையும் மருந்தும் தேவைப்படும்போது, பழைய கடன் தீருமுன் புதுக்கடன் ஏறிவிடுகிறது. அத்தகைய ஒரு கிழநாய்க்கு மட்டும், திருப்பிக் கேட்பதில்லை என்று பேசி, ஆளுக்குக் கொஞ்சம் தனியாகப் போட்டுக் கொடுத்து வருகிறோம்.