ஐந்து ஆண்டுகள், 92,000 கிலோமீட்டர்: எங்கள் மின்சார காரைப் படுக்கவைத்தது எது?

மின்சார கார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் பேட்டரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். "அஞ்சு வருஷத்துல செத்துடுமாமே?" என்பார்கள். எங்கள் வண்டிக்கு இந்த மாதத்தோடு ஐந்து வயது முடிகிறது. மீட்டரில் 92,000 கிலோமீட்டர். வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி ரீடரைச் செருகிப் பார்த்தால், வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியின் ஆரோக்கியம் 91 சதவீதம் என்று காட்டுகிறது. மோட்டாரை ஒரு தடவைகூடத் திறக்க வேண்டி வரவில்லை. ஆனாலும் இந்த வண்டியை மூன்று தடவை டோ வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். மூன்றுக்கும் காரணம் ஒன்றேதான். அதைக் கண்டுபிடிக்க 14 மாதம் பிடித்தது. எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை விட்டுவிடுகிறேன். நடந்தது எந்த மின்சார காரிலும் நடக்கக்கூடியது.

டெலிவரி எடுத்த நாளிலிருந்தே சொல்கிறேன். பானெட்டுக்கும் பக்கத் தகடுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு இடப்பக்கம் ஒரு நாணயம் தாராளமாக நுழையும் அளவுக்கு இருந்தது. வலப்பக்கம் அதே நாணயம் சிக்கி நின்றது. பின்பக்க டெயில் லேம்ப் ஒன்று தகட்டைவிட ஒரு நூல் அளவு வெளியே துருத்திக்கொண்டு இருந்தது. காட்டினேன். "ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது சார், பார்வைக்குத்தான்" என்றார்கள். புது வண்டி வந்த சந்தோஷத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். அந்த ஒரு நூல் துருத்தலை அன்றே பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் வந்தவை எல்லாம் சின்னச் சின்னத் தொந்தரவுகள். எட்டாம் மாதம் டாஷ்போர்டுக்குள் ஒரு கிரீச் சத்தம். பெட்ரோல் வண்டியில் இதே சத்தம் வந்தாலும் எஞ்சின் இரைச்சலில் அமுங்கிவிடும். இங்கே மறைத்துக்கொள்ள எஞ்சினே கிடையாது. கிளிப் ஒன்று தளர்ந்தாலும், பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசினாலும் காதில் வந்து விழும். பிரித்துப் பார்த்தால் நுரைப் பட்டை ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டப்படவே இல்லை. நானே வாங்கி ஒட்டினேன், சத்தம் நின்றது.

அப்புறம் மூன்றாம் ஆண்டு முடிந்த சில வாரத்தில், ஒரு விடியற்காலை. அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். வண்டி அருகே போனால் கதவுக் கைப்பிடி வெளியே வரவில்லை. சாவியை அழுத்தினேன், ஒன்றுமில்லை. முந்தின இரவு 80 சதவீதம் சார்ஜ் காட்டிய வண்டி கல் மாதிரி நிற்கிறது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறந்தேன். திரையும் இருட்டு. அம்மா வாடகைக் காரில் போனார்.

பெரிய பேட்டரி நிறைந்திருக்கும்போது வண்டி எப்படிச் சாகும் என்று அன்று எனக்கும் புரியவில்லை. விஷயம் இதுதான். அநேகமாக எல்லா மின்சார கார்களிலும் பழைய வண்டிகளில் இருப்பது போலவே ஒரு 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. பூட்டு, விளக்கு, திரை, கணினிகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. வண்டியை நிறுத்தியதும் பெரிய பேட்டரி பாதுகாப்புக்காகத் தனியே துண்டிக்கப்பட்டுவிடும். திரும்ப இணைக்கும் கனமான ஸ்விட்சுகளுக்கு, அதாவது கான்டாக்டர்களுக்கு, அந்த 12 வோல்ட்தான் உயிர். அது இல்லையென்றால் உள்ளே எத்தனை கிலோவாட் ஹவர் இருந்தும் பயனில்லை. பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை நிரப்புவது டிசி-டிசி கன்வெர்ட்டர். அதுவே கெட்டால் ஓடும்போதே தொல்லை வரும். ஹூண்டாயும் கியாவும் 2024இல் அமெரிக்காவில் 1.47 லட்சம் மின்சார கார்களைத் திரும்ப அழைத்தது இந்த வேலையைச் செய்யும் பாகம் பழுதானதால்தான்.

முதல் தடவை சர்வீஸ் சென்டரில் "மூணு வருஷம் உழைச்சிடுச்சு, ஆயுசு முடிஞ்சது" என்று 12 வோல்ட் பேட்டரியை மாற்றினார்கள். சரி என்று பணம் கட்டினேன். ஐந்து மாதத்தில் அதுவும் படுத்தது. வாரண்டியில் இன்னொன்று தந்தார்கள். மூன்றாம் தடவை வண்டியை எட்டு நாள் வைத்திருந்து மென்பொருளைப் புதுப்பித்து அனுப்பினார்கள். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தது, பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை. "எங்க பக்கம் எல்லாம் ஓகே சார்." அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். வண்டியை நம்பி ஒரு அவசரத்துக்குப் புறப்பட முடியாது என்றாகிவிட்டது.

முடிச்சை அவிழ்த்தது என் மனைவி. "என்னங்க, மூணு தடவையும் முந்தின நாள் நல்ல மழைங்க" என்றாள். சர்வீஸ் ரசீதுகளின் தேதிகளை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு உட்கார்ந்தேன். சாவியை வீட்டின் மறுகோடியில் வைத்துவிட்டு, வண்டி தூங்குவதற்கு ஒரு மணி நேரம் விட்டேன். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டம் 0.03 ஆம்பியர். ஆரோக்கியமான அளவு. பிறகு பின்பக்கம் குழாயால் கால் மணி நேரம் தண்ணீர் அடித்தேன். மீட்டர் 4.6க்கு ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை. 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி இந்தக் கணக்கில் பத்து மணி நேரத்தில் காலி.

டிக்கிக்குள் தரைப் பலகையைத் தூக்கினேன். வலது ஓரப் பள்ளத்தில் விரல் நனையும் அளவுக்குத் தண்ணீர். எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, காய்ந்த துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, உட்பக்கத் தகடு முழுக்க முகப் பவுடரைத் தூவினேன். மறுபடி தண்ணீர் அடித்ததும் வெள்ளைப் பவுடரில் ஒரு கோடு இறங்கியது. கோடு தொடங்கிய இடம், டெலிவரி நாளில் துருத்திக்கொண்டிருந்த அதே டெயில் லேம்ப். விளக்கைக் கழற்றினேன். அதன் பின்னால் இருக்க வேண்டிய நுரை வளையம், தொழிற்சாலையில் பொருத்தும்போதே ஓர் இடத்தில் முறுக்கிக்கொண்டு மடிந்திருந்தது. மடிப்பில் தகடு அழுந்தவே இல்லை. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு மழைக்கும் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, டிக்கி கதவை மின்சாரத்தில் திறக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கனெக்டர் மேல் சொட்டியிருக்கிறது. கனெக்டரைப் பிரித்தபோது நான்கு பின்களில் பச்சைக் களிம்பு. ஈரம் பட்டால் யாரோ டிக்கி பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். உடனே வண்டியின் நெட்வொர்க் முழுவதையும் எழுப்பிவிடும். எல்லாக் கணினிகளும் இரவெல்லாம் விழித்திருந்து சின்ன பேட்டரியைக் குடித்து முடித்துவிடும்.

நுரை வளையத்தைப் புதிதாகப் போட்டு, பின்களைச் சுத்தம் செய்து, கனெக்டரைக் கொஞ்சம் உயரத்தில் கட்டிவைத்தேன். அதன் பிறகு ஒரு தடவைகூட வண்டி படுக்கவில்லை.

ஒரு விதத்தில் இந்தக் கதைதான் மின்சார கார்களின் நம்பகத்தன்மை என்று நான் நினைக்கிறேன். பொருட்களைச் சோதித்து மதிப்பிடும் அமெரிக்க அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மின்சார கார்களில் சாதாரண கார்களைவிட 79 சதவீதம் அதிகமாகக் கோளாறுகள் பதிவாயின. அடுத்த ஆண்டு அது 42 ஆகக் குறைந்தது. எண்ணைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டியதில்லை, கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். டொயோட்டா தன் பிஇசட்4எக்ஸ் காரை 2022இல் வெளியிட்ட கொஞ்ச நாளிலேயே திரும்ப அழைத்தது. காரணம், சக்கரமே கழன்றுவிடும் அளவுக்குத் தளரக்கூடிய போல்ட். டெஸ்லா 2025இல் 46,000 சைபர்டிரக்குகளைத் திரும்ப அழைத்தது, வெளிப்புறத் தகடு ஒன்றைப் பிடித்திருந்த பசை விட்டுப்போனதற்காக. போல்ட்டும் பசையும் நுரை வளையமும் மின்சாரத்தோடு பிறந்த பிரச்சினைகள் அல்ல.

பேட்டரி பக்கம் தப்பே நடக்காது என்று சொல்ல வரவில்லை. செவர்லே நிறுவனத்தின் 'போல்ட்' என்ற மாடல் மின்சார கார்கள் அனைத்தையும் 2021இல் திரும்ப அழைக்க நேர்ந்தது. பேட்டரி செல்லுக்குள் கிழிந்த ஆனோடு (எதிர்மின்வாய்) முனையும், மின்வாய்கள் ஒன்றையொன்று தொடாமல் தடுக்கும் பிரிப்பான் தாள் மடிந்திருப்பதும் ஒரே செல்லில் சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம். நினைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு மடிப்புதான். தொழிற்சாலையில் ஒரு மெல்லிய தாள் சரியாக உட்காராததன் விளைவு. வடிவமைப்பிலேயே குறை இருந்தால் அது வேறு விதம். நிசான் லீஃப் காரின் முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது. வெயில் அதிகமான இடங்களில் ஆரம்ப கால லீஃப்கள் சீக்கிரம் கொள்ளளவு இழந்தன. வாங்குவதற்கு முன் நான் கேட்ட முதல் கேள்வியே பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு உண்டா என்பதுதான். 91 சதவீதம் நிற்பதற்கு அதுவும், தினசரி 80க்கு மேல் ஏற்றாததும் காரணம் என்று நம்புகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்ஜிங் பிளக்கைப் பூட்டும் சின்ன ஊசி ஒரு தடவை சிக்கிக்கொண்டு, பிளக்கைக் கழற்ற முடியாமல் நாற்பது நிமிடம் நின்றேன். டிக்கிக்குள் கையால் இழுக்கும் ஒரு வார் இருப்பது அன்றுதான் தெரிந்தது. உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். பிரேக் பேட் இன்னும் பாதிகூடத் தேயவில்லை. ஆனால் வேகத்தை மோட்டாரே குறைத்துவிடுவதால் பின் டிஸ்க்குகள் பயன்படாமல் துருப்பிடித்தன. வாரம் ஒரு தடவை காலி சாலையில் பிரேக்கை அழுத்தமாக மிதிக்கிறேன். டயர் 38,000 கிலோமீட்டரில் முடிந்தது. வண்டியின் எடைக்கும் இழுவைக்கும் அது எதிர்பார்த்ததே.

கண்டுபிடித்ததை எல்லாம் படம் எடுத்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். மேலாளர் பேட்டரிக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். அங்கே வேலை செய்யும் இளைஞர் ஒருவர் மட்டும் படங்களைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். பவுடர் தூவிய படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அதே மாடல், அதே புகார், இரண்டு தடவை பேட்டரி மாற்றியும் தீராத வண்டி ஒன்று வந்ததாம். "பேட்டரி பக்கமே போகலை சார். மொதல்ல டெயில் லேம்பைக் கழட்டினேன்" என்றார்.