டான்யூப் கரை சைக்கிள் பயணம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றின் கரையோரமாகச் சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் போங்கள். பாதையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது, அந்தப் பாதையை "எல்லாம் ஏற்பாடு செய்து தருகிறோம்" என்று விற்கிறவர்களில் ஒரு ரகத்தைப் பற்றி. கம்பெனி பெயரைப் போடவில்லை, பண விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் நடந்தது அத்தனையும் சொல்லிவிடுகிறேன், இந்த ரகம் எதிரே வந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். போன ஜூலையில் அக்காவும் அத்தானும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். அத்தானுக்கு 61 வயது, முப்பது வருடம் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தவர். அக்கா கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளைத் தொட்டதே இல்லை. லாரி, பஸ் பக்கத்தில் வந்தாலே இறங்கி நின்றுவிடுவாள். அவளை வைத்துக்கொண்டு போகக்கூடிய நீண்ட பாதை ஐரோப்பாவில் எதுவென்று யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொன்னார்கள். 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பெரும்பகுதி வண்டி வராத தார்ப்பாதை, பல இடங்களில் அந்தக் காலத்தில் குதிரைகளைக் கட்டிப் படகுகளை ஆற்றின் எதிர்ப்போக்கில் இழுத்த அதே கரைத்தடம். ஆறு போகிற திசையிலேயே நாமும் போகிறோம், அதனால் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசி முதுகில் தள்ளும்.

இதற்கு எதற்கு ஏஜென்சி என்று கேட்டால், பெட்டி. ஒவ்வொரு நாளும் பெட்டியை அடுத்த ஹோட்டலுக்கு அவர்களே கொண்டுபோய் வைப்பார்கள், நாம் வெறுங்கையோடு மிதிக்கலாம். ஏழு இரவு தங்கல், காலை உணவு, சைக்கிள், பெட்டி, வரைபடம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 940 யூரோ. விளம்பரத்தில் "ஆற்றோர ஹோட்டல்கள், போக்குவரத்தே இல்லாத பாதை" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒப்பந்தத் தாளில் அதே இடத்தில் "டான்யூப் பகுதியில் உள்ள ஹோட்டல்கள்" என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள்தான் முதல் ஏமாற்று ஒளிந்திருந்தது. அதற்கு வருகிறேன்.

பாசாவில் காலை ஒன்பது மணிக்கு சைக்கிள் தருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றே காலுக்கு ஒரு வேனில் வந்து மூன்று வண்டிகளை இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, டயரில் காற்று இருக்கிறதா என்று கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். மூன்றிலும் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஜெர்மனியில் இது சகஜம், தப்பில்லை. ஆனால் நம் ஊர் ஆட்களுக்குக் கிளம்புவதற்கு முன் பெடலைப் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, காலுக்கு வாகாக மேலே கொண்டுவந்து வைக்கிற பழக்கம் உண்டே, அது இந்த வண்டியில் நடக்காது. பின்னால் அசைத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அத்தான் ஓடும்போதே பழக்க தோஷத்தில் அப்படிச் செய்து, கல் பாவிய தெருவில் மடாரென்று சாய்ந்தார். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. "மாப்ளே, இது சைக்கிளா மாட்டு வண்டியா?" என்றார். ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தால் விழுந்திருக்க மாட்டார். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் என்ன பிரேக் என்று முன்பே கேட்டு, சாதாரணக் கைப்பிரேக் வண்டியாகவே கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் மதியத்துக்கு மேல் சொர்க்கம். அதை மறைக்க மாட்டேன். இரு பக்கமும் காடு மூடிய மலை, நடுவில் ஆறு, பாதையில் எங்கள் செயின் சத்தம் மட்டும். ஷ்லேகன் என்ற இடத்தில் ஆறு முழுதாகத் திரும்பி வந்த வழியே போவது போல் ஒரு வளைவு எடுக்கிறது. அங்கே வடகரையில் பாதை நின்றுவிடும், சைக்கிளோடு சின்னப் படகில் ஏறித்தான் ஆக வேண்டும், சாயங்காலத்துக்கு மேல் படகு கிடையாது. கம்பெனி கொடுத்த வரைபடத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வழியில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான தம்பதி சொல்லித்தான் தெரிந்தது. அரக்கப்பரக்க மிதித்துக் கடைசிப் படகைப் பிடித்தோம்.

இறங்கியதும் ஹோட்டலைத் தேடினால், போன் காட்டுகிறது: 7 கிலோமீட்டர். ஆற்றோரமாக இல்லை, செங்குத்தாக மேலே. டான்யூப் பள்ளத்தாக்கு அந்த இடத்தில் ஆழமானது, மேலே இருக்கிற ஊர்களுக்கு ஏற வேண்டுமென்றால் 250 மீட்டர் உயரம். அதுவும் சைக்கிள் பாதை இல்லை, ஓரமே இல்லாத மாவட்டச் சாலை. ஒரு பால் டேங்கர் லாரி எங்களை உரசாத குறையாகத் தாண்டியபோது அக்கா சைக்கிளைப் பள்ளத்துப் பக்கம் சாய்த்துவிட்டு அப்படியே நின்றாள். அழவில்லை, பேசவும் இல்லை. மீதி நான்கு கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே ஏறினோம். மேலே போனால் பெட்டி வரவில்லை. அத்தானின் பிரஷர் மாத்திரை பெட்டிக்குள். இரவு ஒன்பதரைக்குப் பெட்டி வந்து சேர்ந்தது. அவசர எண்ணுக்கு நான்கு தடவை அடித்தும் பதிவுக்குரல்தான் பேசியது. (மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், யார் என்ன உத்தரவாதம் கொடுத்தாலும்.)

காரணம் எளிது. கோடையில் ஆற்றங்கரை ஹோட்டல்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், மலைமேல் அறை காலியாகவும் மலிவாகவும் கிடைக்கும். "டான்யூப் பகுதி" என்று எழுதிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் போடலாம். ஏழு இரவில் எங்களுக்கு இரண்டு இரவு இப்படி. ஹோட்டல் பெயர்களைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்புதான் தருவோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடுவில் நாலு நாள் குறை சொல்ல எதுவும் இல்லை. மெல்க் மடத்தைப் பார்த்துவிட்டு வாகாவ் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், ஜூலை என்பதால் ஆப்ரிகாட் பழம். ஒரு வீட்டு வாசலில் ஆளே இல்லாமல் பழக்கூடைகள், பக்கத்தில் காசு போட ஒரு தகரடப்பா. அக்கா சில்லறையை இரண்டு தடவை எண்ணிப் போட்டாள். ஸ்பிட்ஸ் அருகே எஞ்சின் இல்லாமல், கம்பியில் கட்டி, ஆற்றின் வேகத்திலேயே அக்கரைக்குப் போகிற படகில் அத்தான் வேடிக்கைக்காகவே இரண்டு தடவை போய் வந்தார். கம்பெனி கொடுத்த "இலவசப் படகுக் கூப்பன்" அங்கே செல்லவில்லை, காசு கொடுத்துத்தான் ஏறினோம்.

வியன்னாவில் சைக்கிளை வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. ஹோட்டல் நிலவறையில் பூட்டி, சாவியை வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று செய்தி வந்தது. கொடுத்தோம். ஒன்பது நாள் கழித்து மின்னஞ்சல்: மூன்று வண்டிகளில் கீறல், ஒன்றில் செயின் மூடி உடைப்பு, 285 யூரோ, கார்டிலிருந்து எடுத்துக்கொண்டோம். கேட்கவில்லை, எடுத்தேவிட்டார்கள்.

தப்பித்தது அக்காவால். பாசாவில் கிளம்பும் முன் சைக்கிளோடு நின்று போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தாள், வாட்ஸ்அப்பில் பெரியம்மாவுக்கு அனுப்ப. அந்தப் படத்தில் அவள் சேலைத் தலைப்புக்குக் கீழே அந்தச் செயின் மூடியின் உடைந்த முனை பளிச்சென்று தெரிந்தது. தேதியும் மணியும் படத்திலேயே இருக்கிறது. அனுப்பினேன். 140 யூரோ "நல்லெண்ண அடிப்படையில்" திரும்பி வந்தது. மீதிக்குக் கார்டு வங்கியில் மறுப்புக் கொடுத்திருக்கிறேன்.

ஹோட்டலைப் பற்றிக் கேட்டதற்கு, "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, ஹோட்டலிடம் கேளுங்கள்" என்று பதில். பில்லைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் தங்கல், சைக்கிள், பெட்டி என்று மூன்று தனித்தனித் தாளாகக் கொடுத்திருக்கிறார்கள், விற்றது ஒரே விலையில். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படிச் சேர்த்து விற்றால் விற்றவர்தான் முழுவதற்கும் பொறுப்பு. ஜெர்மன் நிறுவனம் என்றால் முன்பணம் வாங்கும் முன்னாலேயே "சிஹரூங்ஸ்ஷைன்" என்ற காப்புறுதித் தாளைத் தர வேண்டும், கம்பெனி திவாலானால் பணத்துக்கு அதுதான் பாதுகாப்பு. எங்களுக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து வருடமாக இங்கே இருக்கிறேன், இது கூடத் தெரியவில்லை என்று அத்தான் முன்னால் சொல்லவே வெட்கமாக இருந்தது.

இன்னொன்றும் எனக்கு லேட்டாகத்தான் தெரிந்தது. குறையை உடனுக்குடன் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆதாரத்துக்கு எழுத்திலேயே தெரிவிப்பது நல்லது, தாமதித்தால் விலைக் குறைப்பு கேட்கும் உரிமையே போய்விடலாம். நான் போனில் அடித்ததோடு விட்டுவிட்டேன், அதைத்தான் இப்போது அவர்கள் வக்கீல் பிடித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கோடைக்குப் பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே அந்தக் காப்புறுதித் தாளையும் ஏழு ஹோட்டல்களின் முகவரியையும் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முகவரிகளை மேப்பில் போட்டு, ஆற்றிலிருந்து தூரத்தை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் பாருங்கள்.