புது வீடு வாங்கப் போகிறவர்களே, வீட்டைப் பார்க்க முதல் விற்கிறவரைப் பாருங்கள்

வெளிநாட்டில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தில் வீடு வாங்க நினைப்பவர்களுக்கும், அவர்களுக்காக ஊரில் ஓடித் திரியும் சகோதரங்களுக்கும் இதை எழுதுகிறேன். கனடாவில் இருக்கும் எங்கள் அண்ணா அனுப்பிய 15 இலட்சம் ரூபாய் முற்பணத்தில் 9 இலட்சம் இன்னும் ஒரு வீட்டு நிறுவனத்திடம் மாட்டிக் கிடக்கிறது. அவர்கள் கட்டிய வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். சுவர், நிலம், ஓடு எல்லாம் நேர்த்தியான வேலைதான். ஆனால் அதை விற்க வந்தவர் எங்களுக்குச் சொன்னவற்றில் முக்கியமான எதுவும் உண்மையில்லை.

இடம் கோண்டாவில் பக்கம். பழைய தோட்டக் காணியொன்றைத் துண்டு போட்டு, ஒரே மாதிரி வீடுகளாகக் கட்டி விற்கிறார்கள். விலை 2 கோடி ரூபாய். விற்பனைக்கு வந்தவர் நல்ல மரியாதையான பிள்ளை மாதிரித்தான் தெரிந்தார். அம்மாவைக் கையைப் பிடித்துப் படி ஏற்றினார். இரவில் அண்ணாவோடு வட்ஸ்அப்பில் கதைத்து ஒவ்வொரு அறையாகக் காட்டினார். அண்ணா கேட்ட முதல் கேள்வியே, "என்னட்ட இப்ப கனடாக் குடியுரிமை மட்டும்தான் இருக்கு, என்ர பேரில எழுதலாமோ?" என்பதுதான்.

"ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை. உங்கட பேரிலயே முடிச்சுத் தருவம். கனபேருக்குச் செய்து குடுத்தனாங்கள்" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் பணம் வந்தது.

உறுதி எழுத எங்களுக்குத் தெரிந்த நொத்தாரிசிடம் போனபோது, கோப்பைத் திறந்த உடனேயே அவர் நிறுத்திவிட்டார். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இலங்கைக் குடியுரிமை இல்லாதவர் பிறந்தது யாழ்ப்பாணமாகவே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தொடர்மாடி வீடுகளுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. நிலத்தோடு சேர்ந்த தனி வீட்டை அண்ணா இப்போது விலைக்கு வாங்க முடியாது. புலம்பெயர்ந்தவர்களை நம்பியே வீடு விற்கும் ஒருவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல் எங்கள் 15 இலட்சத்தைக் காப்பாற்றியிருக்கும்.

சரி, அம்மாவின் பேரில் எழுதுவோம் என்று முதலில் யோசித்தோம். அப்போதுதான் நொத்தாரிசு நில அளவைப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றரைப் பரப்பு. ஒரு பரப்பு 10 பேர்ச் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, அப்படியென்றால் 15 பேர்ச் இருக்க வேண்டும். படத்தில் இருந்தது 12. மிச்சம் 3 பேர்ச் எங்கே என்றால், எல்லோரும் வந்துபோகும் பாதையில் எங்கள் பங்கையும் சேர்த்துச் சொன்னார்களாம். கோண்டாவிலில் 3 பேர்ச் காணி என்ன விலை போகும் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அதைவிட எனக்கு நெஞ்சு கொதித்தது கிணற்று விசயத்தில். "தனிக் கிணறு" என்றார் அந்தப் பிள்ளை. உறுதியின் வரைவில் இருந்ததோ கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். பங்குக் கிணறு எங்கள் ஊருக்குப் புதிதில்லை, அதில் வெட்கமும் இல்லை. ஆனால் அந்தக் கிணற்றைச் சுற்றி நெருக்கமாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மலகூடக் குழி. குடாநாட்டின் அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மாரி மழை கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராகத் தேங்குகிறது. அதே வெடிப்புகளால்தான் குழிக் கழிவும் தோட்டத்து உரமும் இறங்குகின்றன. அவற்றிலிருந்து வரும் நைத்திரேற்று கூடிய தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இது ஒரு தோட்டக் காணி, காலம் காலமாக உரம் போட்ட மண். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்றை அவர்கள் எடுக்கவே இல்லை. அந்த வீடுகளில் ஒன்றில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் ஏற்கெனவே குடிவந்துவிட்டது. அவர்களுக்கும் இதே "தனிக் கிணறு"தான் சொல்லப்பட்டிருந்தது. நான் போய்ச் சொன்னேன்.

எழுத்துச் செலவையும் சொல்ல வேண்டும். "அது சின்னச் செலவு, அக்கா" என்றுதான் கேட்ட நேரமெல்லாம் பதில் வந்தது. காணி, வீடு கைமாறும்போது முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 2 கோடிக்குக் கணக்குப் பார்த்தால் 7 இலட்சத்து 99 ஆயிரம். நொத்தாரிசின் கட்டணம் வேறு.

இவ்வளவும் தெரிந்தபின் வேண்டாம் என்று சொன்னோம். அந்தப் பிள்ளையின் தொலைபேசி ஓய்ந்துபோனது. அலுவலகத்துக்குப் போனால், "உங்கட ஃபைலை இப்ப வேற ஆள் பாக்கிறார்" என்றார்கள். புதியவருக்கு முன்னவர் சொன்ன எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: முற்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. காசு வாங்கும்போது அதை அம்மாவுக்கோ எனக்கோ யாரும் வாசித்துக் காட்டவில்லை. சட்டத்தரணி பேசிய பிறகு 6 இலட்சம் வந்தது.

இதே காலத்தில் அரியாலைப் பக்கம் இன்னொரு வீடும் பார்த்திருந்தோம். அங்கே விற்பனைக்கு நின்ற பெண் உட்காரச் சொன்னதும் கேட்டது, "ஆற்ற பேரில எழுதப் போறீங்கள், அவைக்கு இலங்கைக் குடியுரிமை இருக்கோ?" என்றுதான். அப்புறம் தானாகவே சொன்னார், "அம்மா, மாரியில தண்ணி நல்லாயிருக்கும். ஆவணி, புரட்டாதியில சவராகும். குடிக்கிற தண்ணிக்கு வேற வழி பாக்கோணும்." அம்மாவுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை, வாங்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பேச்சில் ஒரு வரிகூடப் பின்னர் பொய்யாகவில்லை. கொமிசன் இரண்டு பேருக்கும்தான் கிடைக்கிறது. ஒருவர் வாங்குபவரின் நிலைமையைக் கேட்டுவிட்டு வீட்டைக் காட்டினார். மற்றவர் வாங்குபவர் கேட்க ஆசைப்படுவதைக் கண்டுபிடித்து அதையே திருப்பிச் சொன்னார்.

சிலர் சொல்வார்கள், விற்கிறவர் எப்படியிருந்தால் என்ன, பத்திரம் சரியாக இருந்தால் போதும் என்று. பத்திரம் கையில் வருவதற்கு முன்னமே பணம் போய்விடுகிறதே! அந்த இடைவெளியில் நமக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் இருப்பது அந்த ஒருவர் மட்டும்தான். அவர் சொன்னதைச் சட்டம் ஏற்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதும், விற்பதாக உடன்படுவதும் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். வட்ஸ்அப்பில் சிரித்துக்கொண்டு சொன்ன "ஓமண்ணை"க்கு அங்கே இடமில்லை.

ஆகவே பணம் அனுப்ப முதல் விற்பனையாளரிடம் இவற்றைக் கேளுங்கள். வீட்டின் அழகைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். நில அளவைப் படத்தின் பிரதி தருவாரா? காணிப் பதிவகத்தில் ஈடு, வழக்கு எதுவும் பதிவாகி இருக்கிறதா என்று உங்கள் நொத்தாரிசு பார்த்து முடியும் வரை பொறுப்பாரா? கட்டி முடித்த வீட்டுக்குப் பிரதேச சபை அல்லது மாநகர சபை கொடுத்த சீ.ஓ.சி. சான்றிதழ் (அனுமதித்த படத்தின்படியே கட்டியிருக்கிறது என்ற சான்று) இருக்கிறதா? கிணறு தனியா, பங்கா? முற்பணம் எந்த நிலைமையில் திரும்பி வரும்? வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் நிறுவனத்தின் கடிதத் தாளில் தமிழில் எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். "இதெல்லாம் பிறகு பாப்பம், இண்டைக்குப் போடாட்டி வேற ஆக்கள் எடுத்திடுவினம்" என்று அவசரப்படுத்தினால் எழும்பி வந்துவிடுங்கள். வீடு போனால் போகட்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து சனம் வரும் காலத்தில் இந்த அவசரம் இன்னும் கூடும். விடுமுறை முடிய முதல் ஒரு வீட்டைப் பிடித்துவிட வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இருக்கும் பதற்றத்தை விற்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்டு உள்பெட்டிக்கு வர வேண்டாம், சட்டத்தரணி ஊடாகப் பேச்சு நடப்பதால் இப்போது சொல்ல முடியாது. அண்ணா இரட்டைக் குடியுரிமைக்குக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பித்திருக்கிறார், அது கிடைத்த பிறகுதான் அடுத்த வீடு. மிச்ச 9 இலட்சத்துக்குக் கோரிக்கைக் கடிதம் போயிருக்கிறது. பதில் வந்ததும் இதே பதிவின் கீழ் எழுதுகிறேன்.