கத்திரிக்காயைக் கறுக்க வைக்கும் இரட்டைத் தாமிரம்: வளையமா, திறந்த ஈனியா?

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் வேலூர் முள்ளுக் கத்திரிக்காயை அரிந்து, தண்ணீரில் போடாமல் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். பாலிபீனால் ஆக்சிடேஸ் குடும்பத்து நொதியின் வேலை அது. நொதியின் மையத்தில் இரண்டு தாமிர அயனிகள், ஒவ்வொன்றையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மூன்று பிடித்திருக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கேட்டகால் ஆக்சிடேஸின் படிக அமைப்பு, சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த நொதியை வைத்து, 1998-இல் வெளிவந்தது.

இந்த மையத்துக்கு மாதிரி (அதைப் போலவே வேலை செய்யும் சிறு தாமிரச் சேர்மம்) செய்ய நினைக்கும் வேதியியல் மாணவர்கள் முன்னால், தாமிரத்தைப் பிடிக்கும் மூலக்கூறான ஈனியை அமைக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் மூலப்பொருள் பெரும்பாலும் ஒன்றுதான்: 2,6-டைஃபார்மில்-4-மெத்தில்பீனால்.

முதல் வழி பெருவளையம். ராப்சன் 1970-இல் காட்டிய பாதை. ஆல்டிஹைடு, 1,3-டைஅமினோபுரொப்பேன், தாமிர உப்பு மூன்றையும் மெத்தனாலில் சூடாக்கினால், உலோகத்தைச் சுற்றியே வளையம் மூடிக்கொள்ளும். இப்படி உலோகமும் ஈனியும் சேர்ந்து உருவாகும் அணைவு உறுதியாக இருக்கும். மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் வோல்டாமெட்ரியில், இரண்டு தாமிரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்குவது (எலக்ட்ரான் ஏற்பது) தெளிவாகத் தெரியும். தாமிரங்களின் இடைவெளி சுமார் 3.1 ஆங்ஸ்ட்ரம். நொதியில் 2.9. பார்க்க ஒத்துப்போகிறது.

ஆனால் அந்த 2.9 ஆக்சிஜனேற்ற நிலையில் மட்டும்தான். ஒடுங்கிய நிலையில் நொதியின் தாமிரங்கள் 4.4 ஆங்ஸ்ட்ரம் வரை விலகிப் போகின்றன. இரண்டு பீனாக்ஸைடு பாலங்கள் இறுக்கிப் பிடித்த வளையத்தால் இப்படி நெகிழ முடியாது. போதாததற்கு, ஒவ்வொரு தாமிரத்தின் தளத்திலும் நான்கு இடங்களும் நிரம்பிவிடுகின்றன. நொதி ஆக்சிஜனேற்றும் பொருளான கேட்டகால் மேலிருந்தோ கீழிருந்தோ தளர்வாக ஒட்டலாம், அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு இங்கேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது, எண்ட்-ஆஃப் எனப்படும் திறந்த ஈனி. நடுவில் ஒரே பீனாக்ஸைடு பாலம், இருபுறமும் பிரிடின் தாங்கிய கைகள். இன்னொரு பாலமாக ஹைட்ராக்ஸைடோ அசிடேட்டோ வரும்; கேட்டகால் வந்தால் அது இடம்விட்டு நகரும். வினையூக்கம் வேண்டுமென்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒரு சிக்கல் உண்டு: படிகத்தில் பார்த்த அமைப்பு கரைசலில் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நிறை நிறமாலை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், சோதிக்கும் விதத்தில் கவனம் வேண்டும். வழக்கமான 3,5-டைடெர்ட்பியூட்டைல்கேட்டகால் சுலபமாக ஆக்சிஜனேற்றம் அடையும் பொருள். அதனால் 400 நானோமீட்டரில் விளைபொருளான குவினோன் ஏறுவதைக் கண்டதும் மகிழ்ந்துவிடாமல், வெறும் தாமிர உப்பை வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மே மாத வேலூரில் ஆய்வகமே கொதிக்கும். செல் ஹோல்டரில் 25 டிகிரி நீரோட்டம் இல்லாமல் எடுத்த வேக மாறிலியை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது. அப்புறம், நொதி ஆக்சிஜனை நீராக்குகிறது, மாதிரிகள் பலவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடில் நின்றுவிடுகின்றன. அயோடைடு சேர்த்து, பெராக்ஸைடு இருந்தால் உருவாகும் ட்ரைஅயோடைடை 353 நானோமீட்டரில் பார்த்தால் உண்மை தெரியும்.

இரும்பும் துத்தநாகமும் சேர்ந்திருக்கும் ராஜ்மா பாஸ்படேஸை (பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்கும் நொதி) மாதிரியாக்குவதானால் கதையே வேறு. சமச்சீரான ஈனி அங்கே அவ்வளவாக உதவாது. ஒரு பக்கக் கையில் பீனோலேட் வேண்டும், இரும்பு(III) அங்கே போய் உட்காரும். பிரிடின்கள் மட்டும் உள்ள மறுபக்கம் துத்தநாகத்துக்கு.